கனவுச் சித்திரமும் கைச்சாத்தும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கு மேனாட்டுக் கனவுச் சித்திரங்களோடு என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்டும் இருக்கிறார்கள். குறிகட்டுவான் துறையிலே நயினாதீவுப் படகுக்குக் காத்துநின்ற ஒரு மாலை, என் கையிலிருந்த நீண்ட உருளையைக் கண்ட நண்பர் ஒருவர், “என்ன பண்டிதர், கலண்டரோ?” என்றார். “இல்லை, சால்வடோர் டாலி என்னும் ஓவியரின் கல்லச்சுப் படம், அவர் கைச்சாத்தோடு கூடியது” என்று நான் சிறிது செருக்கோடுதான் விடையிறுத்தேன். கலண்டரோ என்று அவர் கேட்டதே உண்மைக்குக் கிட்டியது என்பதை அறிய எனக்கு மூன்று கிழமை சென்றது. அக்கதையையும், அதனால் நான் கற்றதையும், ஓவியம் வாங்க விரும்பும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என எண்ணி இங்கே எழுதுகின்றேன்.

முதலில் அக்கலையைப் பற்றிச் சில சொல்லவேண்டும். சர்ரியலிசம் என்னும் இதனை மிகை யதார்த்தவாதம் என்றும், மீமெய்யியல் என்றும் பலர் பலவாறு மொழிபெயர்த்துள்ளனர். எனக்கு ஒன்றும் முழுத் திருப்தி தரவில்லை; ஆதலாற் கனவுநெறி என்றே வகுப்பிற் சொல்லிவருகிறேன். பெயரை 1917இல் ஆக்கியவர் அப்போலினேர் என்னும் பிரெஞ்சுக் கவிஞர். அதனை ஓர் இயக்கமாக்கி 1924இல் அறிக்கை வெளியிட்டவர் ஆந்த்ரே பிரெத்தோன். அறிவு காவல்செய்யும் வாயிலால் நுழையாது, கனவின் வாயிலாலும் தற்செயலின் வாயிலாலும் நுழைந்து பொருள்களைக் காண்பது அவர்கள் நோக்கம்.

இது பைத்தியக்காரர் கூத்து என்று என் சக பண்டிதர் சிலர் தள்ளிவிடுகின்றனர். தண்டியலங்காரம் பாடஞ்சொல்லும் நாம் அப்படித் தள்ளுவது அழகன்று என்பது என் கருத்து. உலகில் இல்லாத ஒன்றை உவமையாகக் கொள்ளும் இல்பொருளுவமையை நாம் ஆண்டுதோறும் படிப்பிக்கிறோம். அந்த இல்பொருளை உவமை என்னும் கயிற்றினின்றும் அவிழ்த்துத் தனியே நிறுத்திவிட்டாற் கனவுநெறி ஓவியம் பிறந்துவிடுகிறது. சித்திரகவியைச் சொல்லுங்கள். பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடலிலே செய்யுளின் எழுத்துகளை அடைத்து நாகபந்தம் எழுதிய மரபினர், எழுத்தும் படமும் மயங்கும் ஓவியத்தைக் கண்டு முகஞ்சுளிக்க நியாயம் ஏது? உறங்கிக் கிடந்த மணிமேகலையைத் தெய்வம் எடுத்துப்போய் மணிபல்லவத்திலே கிடத்த, அவள் விழித்து அறியாத மணலிலே நின்று தன் முற்பிறப்பைக் காண்கிறாள். அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று அறிஞர் சிலர் கொள்வர். பிறர் மறுப்பர். அவ்வழக்கை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. அத்தகைய காட்சியை வரைந்து வைத்தால் அதற்கு எந்நாட்டு இலக்கணம் பொருந்தும் என்பதுமட்டுமே என் வினா.

இந்த எண்ணங்களோடுதான் விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்புக்குச் சென்றிருந்தபோது ஒரு கடையினுள் நுழைந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டா. கண்ணாடிச் சட்டத்தினுள்ளே, உருகி வழியும் கடிகாரங்களைக் கொண்ட புகழ்பெற்ற படம் தொங்கியது. அடியிலே பென்சிலாற் கைச்சாத்து. இடப்பக்கத்திலே 274/300 என்னும் இலக்கம். முந்நூறு பிரதிகளுள் இருநூற்றெழுபத்துநான்காவது என்று கடைக்காரர் விளக்கினார். விலை ரூபா 38,000. என் ஒரு மாதச் சம்பளத்திற் பாதிக்கு மேல். பேரம் பேசக்கூட எனக்கு வாய் வரவில்லை. கலைக்கு விலை பேசுவது இழுக்கு என்று ஒரு போலிப் பெருந்தன்மை அப்போது என்னைப் பிடித்திருந்தது. சட்டத்தைக் கழற்றித் தாளை உருளையாக்கிக்கொண்டு ஊர் வந்தேன். “இந்தக் காசுக்குக் குசினிக் கூரை ஓடு மாத்தியிருக்கலாம்” என்றார் என் மனைவியார். அதற்கு நான் சொன்ன மறுமொழி நீளமானது; இன்று நினைத்தால் நாணந் தருவது.

படத்தைக் கல்லூரிக்குக் கொண்டுசென்று வகுப்பறைச் சுவரிலே மாட்டினேன். இது அம்மேதையின் கைபட்ட தாள் என்று மாணவர்க்குக் கூறினேன். ஒவ்வொருவரையும் கிட்ட அழைத்துக் கைச்சாத்தைக் காட்டினேன்.

என்னிடம் முன்பு பயின்று, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே நுண்கலை பயிலச் சென்ற மாணவர் ஒருவர் அந்நாட்களில் என்னைக் காண வந்தார். படத்தை நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ஐயா, நீங்கள் ஏடு பாக்கிற கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ” என்றார். உருப்பெருக்குக் கண்ணாடியைக் கொடுத்தேன். கடிகாரத்தின் மேலே பிடித்து என்னையே பார்க்கச் சொன்னார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. அன்றைய செய்தித்தாளின் படமொன்றை அருகே வைத்துக் காட்டினார். அங்கும் அதே புள்ளிகள். கல்லச்சிலே ஓவியன் கல்லின்மீது தானே மெழுகுக்கோலால் வரைகிறான். அதன் மை தாளிலே மணல்மணலாக, ஒழுங்கின்றிப் படியும். இந்தப் புள்ளி வரிசை புகைப்படம் எடுத்து இயந்திரத்தில் அடித்ததன் அடையாளம். அன்றியும் அம்மூலப்படம் 1931இல் எண்ணெய் வண்ணத்தாற் கித்தானில் எழுதப்பட்டது. நியூயோர்க் நவீன கலைக்கூடத்தில் இருக்கும் அதன் அளவு 24 சதமமீற்றருக்கு 33 சதமமீற்றர்தான். பள்ளிப் பிள்ளையின் சிலேற்றைவிடச் சற்றே பெரிது! என் சுவரிலே தொங்கியதோ அதனினும் இருமடங்கு அகலம். மூலத்தினும் பெரிதாய்ப் பருத்த பிரதியை மூலகர்த்தாவின் கைபட்டது என்று நம்பிய என் புலமையை என்னென்பது?

பிறகுதான் அவ்வோவியரின் அச்சுப்படங்களைப் பற்றிய வரலாற்றைத் தேடிப் படித்தேன். வாங்குமுன் படித்திருக்கவேண்டியது. டாலி தம் முதுமையில் வெற்றுத் தாள்களிலே கைச்சாத்திட்டுக் கொடுத்துவந்தார். அவற்றின்மேற் பின்னர் எதை அச்சிடுவது என்பது தாள் கொண்டவர் பொறுப்பு. 1974இல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் அந்தோராவுக்குச் சென்ற ஒரு வண்டியை மறித்தபோது, அவர் கைச்சாத்து மட்டும் உள்ள ஏறத்தாழ 40,000 வெற்றுத் தாள்கள் அகப்பட்டன. இவ்வாறு கைச்சாத்து உண்மையும் படம் பொய்யும் ஆனவை ஒருவகை. கைச்சாத்தும் படமும் இரண்டும் பொய்யானவை இன்னொருவகை. 1989இல் அவர் இறந்தபின்னும் இவ்வணிகம் நிற்கவில்லை. ஓவியச் சந்தையிலே புதிதாய்க் காலடி வைப்பவன் முதலிற் கேட்கும் பெயர் அவர் பெயரே ஆதலால், முதலில் ஏமாறுவதும் அவர் பெயராலேதான்.

பண்டிதனாகிய எனக்கு இது புதிய பாடம் அன்று. பழைய பாடத்தை மறந்த குற்றமே. ஏட்டுச் சுவடி ஒன்று கிடைத்தால் அது எவ்வூர் ஏடு, யார் வீட்டிலிருந்து வந்தது, எழுதினவன் பெயரும் ஆண்டும் இறுதியில் உண்டோ, வேறு பிரதிகளோடு ஒத்து நோக்கப்பட்டதோ என்றெல்லாம் கேட்கும்படி மாணவர்க்குக் கற்பிப்பவன் நான். நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவிய நாள்தொட்டு யாழ்ப்பாணத்துப் பதிப்பு மரபின் உயிர்நிலை சுத்தபாடத்திற் கொண்ட அக்கறை அல்லவா? அதையே படத்திடம் கேட்டிருந்தால் ரூபா 38,000 பிழைத்திருக்கும். இப்படம் எப்போது, எந்த அச்சுக்கூடத்தில், எந்த முறையில், எத்தனை பிரதி அடிக்கப்பட்டது? உனக்கு முன் யாரிடம் இருந்தது? ஓவியரின் அச்சுப்படங்களைத் தொகுத்த பட்டியலில் இது உண்டா? இவற்றுக்கு விடை சொல்லாமற் கைச்சாத்தையே காட்டுபவரிடமிருந்து எழுந்து வருவது நலம். பெயர் தெரியாத எவரோ கொடுக்கும் சான்றிதழ், படத்தோடு சேர்த்து அச்சிட்ட இன்னொரு தாள், அவ்வளவே. செப்புத் தகட்டிலிருந்து எடுத்ததாயின் தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். அதுவும் போலிசெய்யக் கூடியதே. எனினும் கைக்குக் கிட்டிய சோதனைகளைச் செய்யாமல் விடுவதற்கு அது காரணமாகாது.

வகுப்பிலே உண்மையைச் சொல்வதா, படத்தை ஓசைப்படாமற் கழற்றிவிடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாதிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்த கைகள் முப்பத்திரண்டு. “ஐயா சொன்னவர், அது அசல்” என்று அப்பிள்ளைகள் நாளை இன்னொருவருக்குச் சொல்வார்கள். அவர்கள் வாயில் என் பொய் மெய்யாகிவிடும். மூன்றாம் நாள் உருப்பெருக்குக் கண்ணாடியையும் செய்தித்தாளையும் எடுத்துச்சென்று, புள்ளிகளை ஒவ்வொருவராகப் பார்க்கச் செய்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு பையன், “அப்ப ஐயா, படம் வடிவில்லையோ இனி?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அன்று என்னால் விடைசொல்ல இயலவில்லை.

இன்று ஓரளவு இயலும். படம் வடிவானதே. சுவரொட்டியைச் சுவரொட்டி என்று சொல்லி ரூபா ஐந்நூறுக்கு விற்றிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. நம்மவர் வீடுகளிலே அச்சுப்படம் புதிதன்று. ரவிவர்மா 1894இல் பம்பாயிலே அச்சுக்கூடம் தொடங்கியபின், கல்லச்சில் எடுத்த இலக்குமியும் சரசுவதியும் ஏழை வீட்டுச் சுவர்களிலும் ஏறினர். பின்னர் கோவிற்பட்டிக் கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் கலண்டர் வழியாகத் தமிழர் வீடெங்கும் பரவின. அவற்றை வாங்கியவர் எவரும் மூலம் என்று நினைத்து வாங்கவில்லை. கும்பிடவும் பார்த்து மகிழவும் வாங்கினர். அந்த நேர்மையான உறவைப் பென்சிற் கைச்சாத்து ஒன்று கெடுத்துவிடுகிறது.

அச்சு என்பது நமக்கு இன்னும் பழையது. நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. பேராசிரியர் இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்பதும், கடலில் உடைந்த கப்பலின் பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பதும் அதன் செய்தி. யானை குதிரை கொணர்ந்த மரக்கலம் உடைந்தாற் காற்பங்கும், வாணிகச் சரக்குக் கொணர்ந்தது உடைந்தாற் பாதியும் அரசனுக்கு, மிச்சம் உடையவனுக்கு. (என் கப்பல் உடைந்தபோது பாதி அன்று, காற்பங்குகூட எனக்குத் திரும்பவில்லை.) இத்தகைய கல்வெட்டைப் படிப்பவர் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தூரிகையால் அடித்துப் பள்ளங்களிற் படியச் செய்து, மைதோய்ந்த பொதியால் ஒத்தி எடுப்பர். வெட்டிய எழுத்து வெள்ளையாகவும் வெட்டாத கல் கறுப்பாகவும் தாளில் எழும். மைப்படி என்று சொல்லும் அதுவும் ஓர் அச்சுப்படமே. மாக்ஸ் ஏர்ண்ஸ்ட் என்னும் கனவுநெறி ஓவியர் 1925இல் தேய்ந்த பலகைத் தரையின்மேல் தாளை வைத்துக் கரியால் உரசி, எழுந்த இரேகைகளிலே காடும் பறவையும் கண்டார் என்று படித்தபோது எனக்கு வியப்புத் தோன்றவில்லை. ஒருவர் கல்லில் இருந்ததைப் படித்தார். மற்றவர் பலகையில் இல்லாததைப் படித்தார். தொழில் ஒன்றே.

ஆயின், கனவுநெறிப் படத்தைத் தேடி நாம் பாரிசுக்கும் நியூயோர்க்குக்கும் போகவேண்டுமா? இலங்கையிலேயே லயனல் வென்ற் இருந்தார். 43 குழு என்னும் ஓவியர் குழு 1943இல் அவரை நடுவாகக் கொண்டே தோன்றியது. ஒளியை மறித்தும் இரு படங்களை ஒன்றன்மேலொன்று பதித்தும் அவர் ஆக்கிய புகைப்படங்களிற் கனவுநெறியின் சாயல் நன்கு தெரியும். 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய மூலச் சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன; ஆகவே அவர் கையால் எடுத்த பிரதிகளுக்கு இனி உடன்பிறப்பு இல்லை. இலக்கமும் பென்சிலும் வேண்டாத அருமை அது.

தமிழகத்தில் இராமானுஜம் என்னும் ஓவியரை நினைக்கவேண்டும். கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமம் உருவாயிற்று. பற்றிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசிலே ஓவியர்கள் தாமே நிலம் வாங்கிக் குடியேறியமை தனிக் கட்டுரைக்குரிய செய்தி. அங்கே வாழ்ந்த இராமானுஜம் பேச்சிலும் பழக்கத்திலும் உலகோடு ஒட்டமாட்டாதவர். பேனாவும் மையும் கொண்டு கோபுரமும் மாளிகையும் பாம்பும் பறவையும் நெருங்கிப் பின்னிய ஒரு கனவு நகரை அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். அந்நகரினுள்ளே தொப்பியணிந்த கனவானாகத் தம்மையும் வரைந்துகொள்வார். 1973இல் இளவயதிலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிரெத்தோனின் அறிக்கையைப் பின்பற்றி அவர் கனவை வரையவில்லை. அவருக்குக் குடியிருக்க வேறிடம் இல்லாமையால் வரைந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரை அறியாமல் டாலிக்காகப் பணங்கொடுத்த என்னை என்ன சொல்வது!

அச்சுக்கலையிற் பாரிசுக்கும் நமக்கும் பாலமாக நின்றவர் கிருஷ்ண ரெட்டி. ஆந்திரத்திற் பிறந்து சாந்திநிகேதனத்திற் பயின்று அடையாற்றுக் கலாக்ஷேத்திரத்திலே ஓவியம் கற்பித்தவர். பின்னர், ஹேற்றர் 1927இற் பாரிசில் நிறுவியதும் மீரோ, ஏர்ண்ஸ்ட் முதலிய கனவுநெறியாளர் வந்து தகடு செதுக்கியதுமான பட்டறையிற் சேர்ந்தார். நெகிழ்ச்சி வேறுபட்ட மைகளைப் பயன்படுத்தி ஒரே தகட்டிலிருந்து பல நிறங்களை ஒரே அழுத்தில் எடுக்கும் முறையை வளர்த்தவருள் அவர் தலையாயவர். 2018இற் காலமானார்.

நம் நாட்டிலே இக்காலத்து நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். கனவுநெறியாளரிடையே ஒரு விளையாட்டு உண்டு: ஒருவர் வரைந்து மடித்துக் கொடுக்க, அடுத்தவர் அதனைக் காணாமலே தொடர்ந்து வரைவது. ஈற்றடி கொடுத்துப் பாடச்சொல்லும் நம் புலவர் வழக்கத்துக்கு அது தம்பிமுறை. 2005 முதல் 2007 வரை, போர் மீண்டும் மூண்ட ஆண்டுகளிலே, யாழ்ப்பாணத்துச் சனாதனனும் முகனட் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க என்னும் மூவரும் ஒருவர் படத்துக்கு மற்றவர் விடையாக வரைந்து அஞ்சலில் அனுப்பிவந்தனர். 208 படங்கள் சேர்ந்தன, 2008இல் நூலாயின. அங்கே முன்வந்த படத்தைக் கண்டே அடுத்தவர் வரைந்தார் என்பது வேறுபாடு. அத்தகைய நூல் ஒன்றை வாங்குபவன் ஒரு படத்தின் விலைக்கும் குறைவாக ஒரு கூடத்தையே வீட்டுக்குக் கொண்டுவருகிறான். முதன்முதலாக வாங்குபவருக்கு இதனினும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலீடு என்று சொல்லிப் படம் வாங்குவோர் உளர். அவர்களோடு எனக்கு வாதமில்லை. அவர்கள் காணியும் வாங்கலாம். நாளும் பார்க்க ஒரு படம் வேண்டும் என்பவருக்கே நான் சொல்வது: பெரியதை விட்டுச் சிறியதை வாங்குக. இறந்தவர் புகழை விட்டு, வாழ்பவரின் வீட்டுக் கதவைத் தட்டுக. அவர் பட்டறையிலே மை உலருமுன் தாளைக் கண்டால் எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. சட்டத்தின் பின்னட்டையைப் புளிப்பற்ற தாளாற் செய்விக்கவும், கண்ணாடி தாளைத் தொடாதிருக்கவும் பார்த்துக்கொள்க. உப்புக்காற்றும் கறையானும் குடியிருக்கும் தீவிலே இதனை விட்டுவிட்டு, மூன்றே மாதத்தில் ஒரு நல்ல நிலக்காட்சியிற் பூஞ்சணம் படரவிட்டவன் சொல்வதாகக் கொள்ளலாம்.

என் இரண்டாவது படத்தை, கண்ணாடி கேட்ட அந்த மாணவரிடமே வாங்கினேன். லினோத் தகட்டில் வெட்டியெடுத்த கறுப்பு வெள்ளைப் படம், பதினைந்து பிரதிகளுள் ஏழாவது, ரூபா 3,500. இனாமாகத் தர முயன்றார், நான் உடன்படவில்லை. நடுக்கடலிலே ஒரு வள்ளம். வள்ளத்தினுள்ளே ஆளில்லை, கட்டுக்கிணறு ஒன்று முழுதாக ஏற்றப்பட்டிருக்கிறது. துலாவே பாய்மரம். துலாக்கயிற்றில் வாளி கடல்நீர்மேல் ஆடுகிறது.

என் மனைவியார் வேலணையிற் பிறந்தவர். 1990இல் தீவுப்பகுதியின் ஊர்கள் பெயர்ந்தபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்களுள் ஒருவர். படத்தை நான் மேசையில் விரித்தபோது விலை கேட்கவில்லை. அடுப்படிக்குப் போகத் திரும்பியவர் மீண்டும் வந்து பார்த்தார். “எங்கட வளவுக் கிணறும் இப்பிடித்தான், ஒரு பக்கக் கட்டு இடிஞ்சது” என்றார்.

வள்ளத்தின் முகப்பிலே பெயர் எழுதியிருந்தது. எழுத்துகள் வலமிடமாகத் திரும்பிக் கிடந்தன. தகட்டிலே நேராக வெட்டினால் தாளிலே தலைமாறும் என்பதை மறந்துவிட்டார் என்று கருதி, பிழையைச் சுட்டினேன். “தெரியும், ஐயா. முதற் பிரதி எடுத்தாப் பிறகுதான் கண்டன். பிறகு அப்பிடியே விட்டிட்டன்” என்றார். படம் இப்பொழுது வகுப்பறையிலே, பழைய கடிகாரப் படம் தொங்கிய அதே ஆணியில் இருக்கிறது. பின்வாங்குப் பையன் மறுநாளே வீட்டிலிருந்து முகக்கண்ணாடி ஒன்று கொண்டுவந்து, வள்ளத்தின் பெயரை எல்லார்க்கும் வாசித்துக் காட்டினான்.